ஒற்றையடிப் பாதையும் நாலு செயற்கைக்கோளும்

2023 மே மாதக் கடைசியில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை தேனி மாவட்டத்துக் கம்பம் ஊருக்குள் வந்தபோது, டீக்கடையில் உட்கார்ந்திருந்த எல்லாரும் ஒரே நாளில் ஜிபிஎஸ் நிபுணர்கள் ஆகிவிட்டார்கள்.

“கழுத்துல ஜிபிஎஸ் கட்டி விட்டிருக்காங்கப்பா. மேலேருந்து சேட்டிலைட்டு பாத்துக்கிட்டே இருக்கு” என்றார் ஒருவர்.

“பாத்துக்கிட்டே இருந்தா ஊருக்குள்ள வர்ற வரைக்கும் ஏன் விட்டாங்களாம்?” என்று கேட்டார் இன்னொருவர்.

இரண்டாமவர் கேட்டது நியாயமான கேள்வி. முதலாமவர் சொன்னதில்தான் கோளாறு. எந்த ஜிபிஎஸ் செயற்கைக்கோளும் யானையைப் பார்க்கவில்லை. உங்களையும் பார்ப்பதில்லை, என்னையும் பார்ப்பதில்லை. நாம் இருக்கிறோம் என்பதே அதற்குத் தெரியாது.

கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு ஓரத்தில், கேரள எல்லையை ஒட்டிய அடிவாரப் பாதைகளையும் அங்கே இருக்கும் கல், ஊற்று, கோயில்களையும் கையடக்க ஜிபிஎஸ் கருவியில் குறித்து, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தக்கூடிய வரைபடத்தில் ஏற்றும் வேலையை ஓய்வு நாட்களில் செய்துவருகிறேன். சம்பளம் கிடையாது, யாரும் கேட்கவும் இல்லை. கருவியைக் கையில் பார்த்ததும் ஆட்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இந்த மூன்றுதான்: “இதுல நெட் இருக்கா?”, “வீட்டை போட்டோ எடுக்குமா?”, “நாம எங்க போறோம்னு மேலே தெரியுமா?” மூன்றுக்கும் இல்லை என்பதுதான் பதில். ஏன் இல்லை என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

மூன்று கோயில் வேட்டு

திருவிழாவில் தூரத்தில் வாணவேட்டு வெடிக்கிறது. வெளிச்சம் முதலில் தெரிகிறது, சத்தம் பின்னால் வருகிறது. சத்தம் ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மூன்று நொடி கழித்துக் கேட்டால் வேட்டு போட்ட இடம் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சின்ன வயதில் இடி மின்னலுக்கு இதே கணக்கைப் போட்டிருப்போம்.

இப்போது இருட்டில், எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் ஒரு காட்டில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் மூன்று கோயில்கள். மூன்றிலும் சரியாக ஏழு மணிக்கு வேட்டு போடுவார்கள், ஒவ்வொன்றின் சத்தமும் வேறு மாதிரி. கோயில்கள் எங்கே இருக்கின்றன என்று தாளில் குறித்து வைத்திருக்கிறீர்கள். முதல் கோயில் வேட்டு ஏழு மணி மூன்று நொடிக்குக் கேட்கிறது. ஆக, அந்தக் கோயிலிலிருந்து 1,020 மீட்டரில் இருக்கிறீர்கள். எந்தத் திசை என்று தெரியாது. தாளில் கோயிலைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள்; அந்த வட்டத்தின் விளிம்பில் எங்கோ நிற்கிறீர்கள். இரண்டாவது கோயில் சத்தம் ஐந்து நொடியில் வருகிறது. அதைச் சுற்றி 1,700 மீட்டரில் இன்னொரு வட்டம். இரண்டு வட்டமும் இரண்டு இடத்தில் வெட்டும். அந்த இரண்டில் எது என்பதை மூன்றாவது கோயில் சொல்லிவிடும்.

கோயிலுக்குப் பதில் செயற்கைக்கோள், சத்தத்துக்குப் பதில் வானொலி அலை என்று போட்டுக்கொண்டால் அதுதான் ஜிபிஎஸ். ஒவ்வொரு செயற்கைக்கோளும் இடைவிடாமல் இரண்டு சேதியைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது: இப்போது மணி என்ன, நான் எங்கே இருக்கிறேன். அவ்வளவுதான். கையில் இருக்கும் கருவி அதைக் கேட்கிறது, வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. வேட்டு போட்டவருக்கு யார் யார் காதில் அது விழுந்தது என்று எப்படித் தெரியாதோ, அப்படித்தான் செயற்கைக்கோளுக்கும்.

சரி, அப்படியானால் அரிக்கொம்பன் இருந்த இடம் வனத்துறைக்கு எப்படித் தெரிந்தது? கழுத்துப்பட்டையில் இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று, ஜிபிஎஸ் சேதியைக் கேட்டுத் தன் இடத்தைத் தானே கணக்கிடுவது. இன்னொன்று, அந்தக் கணக்கை வேறொரு தகவல்தொடர்பு வழியாக வெளியே அனுப்புவது. இரண்டாவது வேலையைச் செய்வது ஜிபிஎஸ் அல்ல. அதற்குத் தனி டிரான்ஸ்மிட்டர், தனி இணைப்பு. நடுநடுவே சிக்னல் கிடைக்கவில்லை என்று செய்தி வந்ததே, அது இந்த மாதிரி அனுப்பும் ஏற்பாட்டில் நடக்கிற சங்கதி. வாடகை ஜீப்பில் முதலாளி மாட்டி வைக்கும் ‘ஜிபிஎஸ்’ பெட்டியிலும் உள்ளே ஒரு சிம் கார்டு இருக்கும். கேட்பது ஜிபிஎஸ், சொல்லிக்கொடுப்பது சிம்.

கடிகாரம் ஒரு நொடி தப்பினால்

மேலே சொன்ன கோயில் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஏழு மணிக்கு வேட்டு போட்டார்கள் என்பது சரி. உங்கள் கைக்கடிகாரம் சரியா? அது ஒரு நொடி முன்னால் ஓடினால், மூன்று தூரமும் 340 மீட்டர் கூடுதலாக வரும். மூன்று வட்டமும் ஒரு புள்ளியில் கூடாமல் நடுவில் சந்து விட்டுவிடும்.

ஒலிக்கே இப்படியென்றால் ஒளிக்கு என்ன ஆகும்? வானொலி அலை ஒளி வேகத்தில் போவது. நொடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் தரையிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. தலைக்கு நேர் மேலே இருக்கும் ஒன்றிலிருந்து சேதி கீழே வர ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு போதும். இதில் ஒரு மைக்ரோ நொடி, அதாவது ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு, தப்பினால் தூரம் 300 மீட்டர் தப்பிவிடும். செயற்கைக்கோளில் அணுக் கடிகாரம் இருக்கிறது. அது அவ்வளவு சுலபத்தில் தப்பாது. கருவிக்குள் இருப்பதோ சாதாரணக் கைக்கடிகாரத்தின் ஒன்றுவிட்ட தம்பி.

இங்கேதான் நாலாவது செயற்கைக்கோள் வருகிறது. எல்லாத் தூரத்திலும் ஒரே அளவு பிழை இருக்கிறது என்பது கருவிக்குத் தெரியும், எவ்வளவு என்பதுதான் தெரியாது. நாலாவது ஒன்று இருந்தால், எவ்வளவு கூட்டினால் அல்லது குறைத்தால் எல்லாம் ஒரே இடத்தில் கூடும் என்று தேடிப் பிடித்துவிடும். கிழக்கு மேற்கு ஒன்று, வடக்கு தெற்கு ஒன்று, உயரம் ஒன்று, நேரம் ஒன்று. தெரியாதது நாலு, அதனால் செயற்கைக்கோளும் குறைந்தது நாலு. கடிகாரக் கோளாறையே கணக்கில் சேர்த்துத் தீர்த்துவிட்ட இந்த யோசனை எனக்கு இன்றைக்கும் வியப்பாகத்தான் இருக்கிறது. மேலே ஓடும் கடிகாரங்கள் ஐன்ஸ்டைன் சொன்ன சார்பியல் விளைவால் நாளொன்றுக்கு 38 மைக்ரோ நொடி வேகமாக ஓடும் என்பதும், அதற்காகத் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் மெதுவாக ஓடும்படி திருத்தி அனுப்புகிறார்கள் என்பதும் தனிக்கதை.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: செயற்கைக்கோள் பேசுகிறது, கருவி கேட்கிறது. கேட்க நெட் வேண்டாம், சிம் வேண்டாம். குறைந்தது நாலு குரல் காதில் விழ வேண்டும்.

அப்புறம் ஏன் போனில் நெட் இல்லாவிட்டால் மேப் வேலை செய்வதில்லை? இடம் தெரிகிறது, படம்தான் வரவில்லை. நாம் ‘மேப்’ என்று சொல்லும் அந்தச் சாலைப் படத்தைப் போன் நெட்டிலிருந்து இறக்குகிறது. முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால் மலைக்குள் டவரே இல்லாத இடத்திலும் நீலப் புள்ளி நகரும். எந்தெந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற விவரத்தையும் போன் நெட் வழியாகச் சீக்கிரம் வாங்கிக்கொள்கிறது. கையடக்கக் கருவி அதையும் வானத்திலிருந்தே கேட்டு வாங்குவதால் முதல் தடவை ஒன்றிரண்டு நிமிடம் காத்திருக்க வைக்கும்.

மேலே இருப்பது யார்

ஜிபிஎஸ் என்பது அமெரிக்காவின் ஏற்பாட்டுக்குப் பெயர். முதல் செயற்கைக்கோளை 1978இல் ஏவினார்கள். முழுமையாக இயங்கத் தொடங்கியது 1995இல். ரஷ்யாவுக்குக் குளோனாஸ், ஐரோப்பாவுக்குக் கலிலியோ, சீனாவுக்குப் பெய்டோ, நமக்கு நாவிக். நாவிக்கின் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று போனது. இப்போது வரும் பல கருவிகளும் போன்களும் இவற்றில் இரண்டு மூன்றைச் சேர்த்தே கேட்கின்றன. ஆனாலும் பேச்சில் எல்லாமே ஜிபிஎஸ்தான். எந்த நகலகத்துக்குப் போனாலும் ஜெராக்ஸ் என்பது மாதிரி.

தன்னார்வ வரைபட வேலைக்கு உயிர் வந்த தேதி 2000 மே 2. அதுவரை அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான சேதியில் வேண்டுமென்றே பிழை கலந்து அனுப்பியது. 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 100 மீட்டர் தள்ளினால் ஒற்றையடிப் பாதையை வரைய முடியாது. அன்றைக்கு அந்தக் கலப்படத்தை நிறுத்தினார்கள். நாலு வருடம் கழித்து, 2004இல், இங்கிலாந்தில் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் வரையலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்கிற வரைபடம். அந்தக் காலத்தில் பார்த்து வரைய, வானத்திலிருந்து தரையை எடுத்த படங்கள் கிடையாது. சைக்கிளிலும் நடந்தும் கருவியோடு சுற்றித்தான் தெருத்தெருவாக வரைந்தார்கள்.

மலையடியில் ஏன் கோணுகிறது

திறந்த வெளியில், களத்துமேட்டில் நின்றால் சாதாரணக் கருவியோ போனோ ஏறக்குறைய 5 மீட்டருக்குள் சரியாகக் காட்டும். தேவாரம், கோம்பைப் பக்கம் மலையடிக்குப் போனால் கதை மாறும். மேற்கே சுவர் மாதிரி மலை. பாதி வானத்தை அது மறைத்துவிடுகிறது. மிச்சமிருக்கும் செயற்கைக்கோள்கள் எல்லாம் கிழக்குப் பக்கமே கூடி நிற்கின்றன. கோயில் கணக்குக்குத் திரும்பினால், மூன்று கோயிலும் ஒரே திசையில் இருக்கும் நிலைமை. வட்டங்கள் பளிச்சென்று வெட்டாமல் ஒன்றின் மேல் ஒன்று உரசிக்கொண்டே போகும். எது புள்ளி என்று சொல்வது கஷ்டம்.

இதை விட மோசமான இன்னொன்று எதிரொலி. பாறைச் சுவரில் மோதித் திரும்பிய சேதி சுற்றிவருவதால் தாமதமாக வருகிறது. தாமதம் என்றால் கருவிக்குத் தூரம். அதனால் இல்லாத இடத்தில் நிற்பதாகக் காட்டும். இலையடர்ந்த மரம், அதுவும் மழையில் நனைந்த மரம், சேதியைப் பலவீனமாக்கும். மேலே ஏலத்தோட்டத்துப் பக்கம் போனால் நிழல்மரக் கூரைக்கடியில் 10, 20 மீட்டர் தள்ளுவது சாதாரணம்.

நான் பட்டது ஒன்றைச் சொல்கிறேன். ஓர் ஓடையின் தென்கரையில், பாறைக்கடியில் ஊற்று ஒன்று இருக்கிறது. ஆடு மேய்ப்பவர்கள் தண்ணீர் குடிக்கும் இடம். கருவியைச் சட்டைப்பையில் போட்டபடியே போய், எடுத்தவுடன் பொத்தானை அமுக்கிக் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் கணினியில் பார்த்தால் ஊற்று ஓடைக்கு வடகரையில் விழுந்திருந்தது. நான் அதை நம்பி, பாதையும் ஓடையைக் கடந்து வடக்கே போவதாக அழகாக வரைந்து வைத்தேன். அடுத்த மாதம் அந்தப் பக்கத்து ஆட்டுக்காரர் ஒருவரிடம் போனில் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“ஏந்தம்பி, இங்க எப்ப பாலம் கட்டுனாங்க?”

தப்பு கருவியுடையது மட்டும் இல்லை. அது ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் ‘பிழை 35 மீட்டர்’ என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நான் பார்க்கவில்லை. இப்போதெல்லாம் முக்கியமான இடத்தில் ஒன்றிரண்டு நிமிடம் கருவியை வெளியே பிடித்தபடி நிற்கிறேன். அந்தப் பிழை எண் இறங்கிய பிறகுதான் குறிக்கிறேன். பாதையைப் போகும்போதும் வரும்போதும் இரண்டு தடவை பதிகிறேன். முடிந்தால் வேறொரு நாள் வேறு நேரத்தில் இன்னொரு தடவை, ஏனென்றால் செயற்கைக்கோள்கள் நிற்கும் இடம் மாறியிருக்கும். மூன்று கோட்டுக்கும் நடுவே ஓடுவதுதான் பாதை.

உயரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஜிபிஎஸ்ஸில் உயரம் எப்போதுமே இடத்தை விடக் கூடுதலாகப் பிழைக்கும், ஏனென்றால் எல்லா ‘கோயிலும்’ தலைக்கு மேல். காலுக்குக் கீழே ஒன்றும் கிடையாது. அதோடு தென்னிந்தியாவில் ஒரு வேடிக்கை உண்டு. கணக்குக்காகப் பூமி என்று வைத்துக்கொண்ட வழுவழுப்பான உருண்டைக்கும் உண்மையான கடல் மட்டத்துக்கும் நம் பக்கம் சுமார் 90 மீட்டர் வித்தியாசம். பூமியின் ஈர்ப்பு இங்கே சற்றுக் குறைவாக இருப்பதால் கடல் மட்டமே அவ்வளவு பள்ளமாக இருக்கிறது. நல்ல கருவிகள் இதைத் தாமே திருத்திக்கொள்ளும். சில போன் செயலிகள் திருத்துவதில்லை. ஒரே பாறையில் நின்று இரண்டு பேர் 90 மீட்டர் வித்தியாசத்தில் உயரம் சொல்லிச் சண்டை போட்டால் காரணம் இதுவாக இருக்கலாம்.

புள்ளியும் தடமும்

கருவி இரண்டு வகையில் பதியும். நீங்களே பொத்தானை அமுக்கிக் குறிக்கும் இடத்துக்கு வேபாயின்ட் என்று பெயர்: ஊற்று, கோயில், எல்லைக்கல். நடக்க நடக்க அதுவாக வரிசையாகப் போட்டுக்கொண்டே வரும் புள்ளிகளின் சரத்துக்கு டிராக் என்று பெயர். இரண்டையும் ஜிபிஎக்ஸ் என்ற வகைக் கோப்பாக வெளியே எடுக்கலாம். அதைத் திறந்து பார்த்தால் வெறும் எழுத்துதான். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அட்சரேகை, ஒரு தீர்க்கரேகை, உயரம், நேரம்.

எத்தனை நொடிக்கு ஒரு புள்ளி என்று நாம்தான் சொல்ல வேண்டும். மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறும். 30 நொடிக்கு ஒன்று என்று வைத்தால் இடையில் 30 மீட்டருக்கு மேல் நடந்திருப்போம். ஒரு வளைவே காணாமல் போய்விடும். போடிமெட்டு ரோட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் காரில் அப்படிப் பதிந்தால் ரோடு மலையைக் குத்திக்கொண்டு நேராகப் போனது மாதிரி இருக்கும். நடைக்கு நொடிக்கு ஒன்று அல்லது ஐந்து நொடிக்கு ஒன்று சரி.

நின்றால் வேறு தொல்லை. உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடும் அரைமணி நேரமும் கருவி புள்ளி போட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் சில மீட்டர் இங்கும் அங்கும் தள்ளி விழ, திரையில் நூல்கண்டுச் சிக்கல் மாதிரி ஒரு கிறுக்கல். நடந்த தூரமும் சும்மா உட்கார்ந்தே அரைக் கிலோமீட்டர் ஏறியிருக்கும். சாப்பிடும்போது பதிவை நிறுத்துங்கள், எழுந்ததும் மறக்காமல் திரும்பத் தொடங்குங்கள். இரண்டாவது பாதியைத்தான் எல்லாரும் மறப்போம்.

எண்களை எழுதும் விதத்திலும் குழப்பம் உண்டு. கம்பம் ஏறக்குறைய 9.73 பாகை வடக்கு. அதையே பாகை, கலை என்று எழுதினால் ஏறக்குறைய 9 பாகை 44 கலை. ஒரு பாகைக்கு 60 கலை, மணிக்கு 60 நிமிடம் மாதிரி. இந்த 9 பாகை 44 கலையை யாராவது 9.44 என்று தட்டிவிட்டால் புள்ளி 30 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே, மலைக்குள் போய் விழும். போனில் இடத்தைச் சொல்லும்போது எந்த முறை என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த இரண்டு பகுதியையும் சேர்த்துச் சொன்னால்: கருவி தருவது பாதையை அல்ல, பாதையைப் பற்றிய ஒரு சாட்சியத்தை. சாட்சி கொஞ்சம் தடுமாறும். இரண்டு மூன்று தடவை கேட்டுத்தான் எழுத வேண்டும்.

கோட்டை வரைந்தபின்தான் வேலை

டிராக்கை ஏற்றிவிட்டால் வரைபடத்தில் பாதை வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. டிராக் ஒரு பின்னணிதான். அதன் மேல் ஒருவர் உட்கார்ந்து கோடு வரைந்து, இது என்ன என்று எழுத வேண்டும். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் இப்படி எழுதும் ஒட்டுச்சீட்டுக்கு டேக் என்று பெயர். ஒற்றையடிப் பாதைக்கு அங்கே போடும் டேக் ‘ஹைவே, பாத்’. ஆடு போகும் தடத்துக்குக்கூட ஹைவே என்று எழுதும்போது எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. இங்கிலாந்துச் சட்டத்தில் பொதுவழி எதுவானாலும் ஹைவேதான். அங்கே தொடங்கியதால் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. வண்டிப்பாதைக்கு வேறு, படிக்கட்டுக்கு வேறு டேக் உண்டு.

இன்றைக்குத்தான் வானத்துப் படம் கிடைக்கிறதே, அதைப் பார்த்து வீட்டிலிருந்தே வரையக்கூடாதா? வீடு, ரோடு, கண்மாய் எல்லாம் வரையலாம். 2018 கேரள வெள்ளத்தின்போது ஏராளமானோர் அப்படித்தான் வரைந்து கொடுத்தார்கள். ஆனால் மரக்கூரைக்கு அடியில் போகும் தடம் எந்தப் படத்திலும் தெரியாது. தெரிந்தாலும் அது பாதையா, மழைத்தண்ணீர் அறுத்த பள்ளமா என்று மேலிருந்து சொல்ல முடியாது. கூகுள் மேப்பைப் பார்த்துக் காப்பி அடிப்பதும் கூடாது. அது அவர்கள் சொத்து. திறந்த வரைபடத்தில் சேர்ப்பது நம் காலில் நடந்ததாகவோ, அனுமதி தரப்பட்ட படத்திலிருந்து எடுத்ததாகவோ இருக்க வேண்டும்.

மேலிருந்து தெரியாத இன்னொன்று பெயர். என்னைப் பொறுத்தவரை இந்த வேலையின் பாதி இதுதான். இங்கே மலை விளிம்புக்கு ஏறும் வழிகளுக்கு ‘மெட்டு’ என்று பெயர்: போடிமெட்டு, கம்பம்மெட்டு, ராமக்கல்மெட்டு, சாக்குலூத்து மெட்டு. முதல் இரண்டில் தார் ரோடு. சாக்குலூத்து மெட்டு வழியாகவும் ரோடு வேண்டும் என்பது தேவாரம் பக்கத்து விவசாயிகளின் நெடுநாள் கோரிக்கை. ஏலத்தோட்ட வேலைக்கு விடியலில் ஜீப்பில் போகும் பெண்களில் வயதானவர்களிடம் கேட்டால், நடந்து ஏறிய காலத்து நிறுத்தங்களை வரிசையாகச் சொல்வார்கள். ஒவ்வொரு பாறைக்கும் பெயர் உண்டு.

குரங்கணிக்கு மேலே ‘டாப் ஸ்டேஷன்’ இருக்கிறது. ரயிலே இல்லாத மலையுச்சிக்கு ஏன் ஸ்டேஷன் என்று பெயர்? மூணாறிலிருந்து தேயிலை கொண்டுவர ஒரு காலத்தில் அங்கே வரை சின்ன ரயில் ஓடியது. 1924 வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போனது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகளைத் தொங்கவிட்டுக் கீழே கொட்டகுடிக்கு இறக்கினார்கள். நடுவில் இருந்த இடம் இன்றைக்கும் ‘சென்ட்ரல்’தான். வடமும் இல்லை, ரயிலும் இல்லை, பெயர் மட்டும் நடந்து போகிறவர்களின் வாயில் இருக்கிறது. செயற்கைக்கோள் படத்தில் அது ஒரு மொட்டை இடம்.

ஒரு சுமைதாங்கியைக் குறித்த அனுபவம். இரண்டு நட்டுக்கல், மேலே ஒரு படுகல். தலைச்சுமையை யார் உதவியும் இல்லாமல் இறக்கி வைத்து ஏற்றிக்கொள்ள வசதியான தோள் உயரம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக இதை நட்டு வைப்பது வழக்கம். நான் குறித்தபோது படுகல் ஒரு பக்கம் சரிந்து, புளியமரத்து வேர் ஏறியிருந்தது. கருவியில் ‘கல்’ என்று தட்டிக்கொண்டிருந்தேன். புல்லுக்கட்டோடு வந்த அம்மா நின்று பார்த்தார்.

“என்னப்பா எழுதுற?”

“இந்தக் கல்லு எங்க இருக்குன்னு மேப்புல போடுறேம்மா.”

“கல்லுன்னா எந்தக் கல்லுன்னு வரும்? சொமதாங்கின்னு போடு. இதுவரைக்கும்தான் நம்ம ஊரு, அங்கிட்டு அடுத்த ஊருன்னு எங்க மாமியா சொல்லும்.”

அப்படியே போட்டேன். தமிழ்ப் பெயருக்கு ஒரு கட்டம், மலையாளப் பெயருக்கு ஒரு கட்டம், பொதுப் பெயருக்கு ஒரு கட்டம் என்று அந்த வரைபடத்தில் தனித்தனியே இருக்கிறது. எல்லை ஊர்களுக்கு இது பெரிய வசதி. எந்த மொழியில் பெரிதாக எழுதுவது என்ற தகராறு பாதியாகக் குறைந்துவிடும்.

எதைக் குறிக்கக் கூடாது

குறிக்க முடியும் என்பதற்காக எல்லாவற்றையும் குறிக்கக் கூடாது. பெரியாறு, மேகமலைப் பக்கம் காப்புக்காடுகளில் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற்றம் போனவர்கள் 20 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். வரைபடத்தில் ஒரு கோடு இருந்தால், அதை நம்பி யாரோ ஒருவர் நடப்பார். அனுமதி தேவையான பாதைக்கு அப்படியே டேக் போட வேண்டும். அதற்கென்று வசதி இருக்கிறது. யானை வழக்கமாகத் தண்ணீர் குடிக்கும் இடம், மறையூர்ப் பக்கம் சந்தனமரம் நிற்கும் இடம், பழைய சிலை இருக்கும் இடம் இவற்றை நான் குறிப்பதே இல்லை. பழங்குடி மக்களின் சாமி இடங்களை அவர்களைக் கேட்காமல் குறிப்பதும் சரியில்லை.

கருவி விஷயத்திலும் ஒன்று. செயற்கைக்கோள் வழியாகப் பேசும் போனை அனுமதி இல்லாமல் வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம். வெறும் ஜிபிஎஸ் கருவி கேட்க மட்டும் செய்வது, அது வேறு. ஆனால் இரண்டும் சேர்ந்த கருவிகளும் சந்தையில் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து மச்சான் வாங்கி வந்தார் என்று கையில் தூக்குவதற்கு முன் அது அனுப்புமா என்று பார்த்துவிடுங்கள். வரைபடம் போடுவது குறித்த பழைய கெடுபிடிகள் 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்களால் வெகுவாகத் தளர்ந்துவிட்டன. இருந்தாலும் செக்போஸ்ட், அணை, கோபுரம் பக்கத்தில் நின்று கருவியை ஆட்டிக்கொண்டிருக்க வேண்டாம். முல்லைப் பெரியாறு பக்கம் என்றால் இரட்டிப்புக் கவனம். இரண்டு மாநிலப் போலீசுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

முதல் நடை

காட்டுக்குள் போகாமல் உங்கள் ஊரிலேயே தொடங்குங்கள். பஸ் ஸ்டாப்பிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் வழி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாய்க்கால் வரப்பில் போகும் குறுக்குவழி, தோட்டத்துக் கிணறு. இவையே பல ஊர்களில் இன்னும் எந்த வரைபடத்திலும் இல்லை. கருவி இல்லாவிட்டால் போன் போதும். கருவியின் லாபம், அது மழையில் நனையலாம், கையுறையோடும் அமுக்கலாம், இரண்டு பென்சில் பேட்டரியில் நாள் முழுக்க ஓடும். போன் மத்தியானத்துக்கே படுத்துவிடும்.

கூடவே ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேபாயின்ட் 14 என்று கருவி சொல்லும். அது கருப்பசாமியா, கன்னிமார் கல்லா என்று மூன்று நாள் கழித்து உங்களுக்கே நினைவிருக்காது. டிராக்கைப் பொதுவில் ஏற்றுவதற்கு முன் தொடக்கத்தில் 200 மீட்டரை வெட்டி எறியுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வீட்டு வாசலும் நீங்கள் வீட்டில் இல்லாத நேரமும் உலகத்துக்கே தெரியும்.

வந்ததும் பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுங்கள். என் முதல் கருவி ஒரு ஐப்பசி முழுக்க அலமாரியில் கிடந்து, பேட்டரி கசிந்து, பித்தளைத் தகடு பச்சை பூத்துப் போனது. எலுமிச்சம்பழச் சாற்றைப் பஞ்சில் தொட்டுத் துடைத்துத்தான் மறுபடி உயிர் கொடுத்தேன்.